காங்கர்ட் ஊரின் ஆசிரியர்கள்: பிரம்பும் மனச்சான்றும்



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வித் தத்துவம் பயின்ற அனைவருக்கும் ரூசோ, பெஸ்டலோசி, பிரோபெல், ஜான் டூயி ஆகியோரின் பெயர்கள் நன்கு அறிமுகமானவை. தேர்வுக்காக மனனம் செய்தோம். தேர்வு முடிந்த மறுநாளே அவற்றுள் பாதியை மறந்தும் போனோம். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு சிற்றூரைப் பற்றித்தான் இப்பதிவில் எழுத விழைகின்றேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த ஊரின் பெயர் காங்கர்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தாம். எமர்சன், தோரோ, ஆல்காட் ஆகிய மூவரும் அவ்வூரின் தெருக்களில் ஒருவரையொருவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இலக்கிய வரலாற்றில் இவர்களின் இயக்கத்தை 'டிரான்சென்டென்டலிசம்' என்பார்கள். தமிழில் 'கடந்தநிலைக் கொள்கை' என்று வைத்துக்கொள்வோம். பெயர் மிரட்டுவதுபோல் தோன்றினாலும் ஓர் ஆசிரியருக்கு இதன் கரு எளிதில் விளங்கும். பிறக்கும்போது மனித மனம் வெற்றுத்தாளைப் போன்றது, ஐம்புலன்களின் வழியாக வருவனவே அதில் எழுதப்படுகின்றன என்று ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் கூறியிருந்தார். அக்காலத்து பாஸ்டன் நகரின் கற்றோரும் சமயப் போதகர்களும் பெரும்பாலும் இக்கருத்தையே ஏற்றிருந்தனர். ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் இதனை மறுத்தார். புலன் அனுபவத்தைக் கடந்த சில அமைப்புகள் மனத்திலேயே உள்ளன என்றார். காண்ட் சொன்னதை எமர்சன் முதலானோர் நுணுக்கமாகப் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது. கோல்ரிட்ஜ் போன்ற ஆங்கிலக் கவிஞர்களின் எழுத்து வழியாகவே அது அவர்களை வந்தடைந்தது. வந்த வழியில் நிறமும் மாறிவிட்டது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இறைமையின் கூறு ஒன்று இருக்கின்றது, இயற்கையின் நடுவே அமைதியாக இருக்கும்போது அது தெளிவாகப் பேசுகின்றது, அதனை நம்பி வாழ்வதே தற்சார்பு என்பதாக அவர்கள் அதனை விரித்துக்கொண்டார்கள்.

இப்பொழுது வகுப்பறைக்கு வாருங்கள். குழந்தையின் மனம் வெற்றுத்தாள் என்றால் ஆசிரியரின் வேலை எழுதுவது. தாள் நகர்ந்தால் அழுத்திப் பிடிக்கப் பிரம்பு வேண்டும். குழந்தைக்குள் முன்னரே ஒன்று இருக்கின்றது என்றால் ஆசிரியரின் வேலை கேட்பது. பாஸ்டன் நகரத்து மெய்யியல் தகராறு ஒன்று பள்ளிக்கூடத்தின் கதவைத் தட்டியது இப்படித்தான்.

எமர்சனைப் பற்றி முதலில் சிறிது கூறிவிடுகின்றேன். 1803-இல் பாஸ்டனில் பிறந்த அவர், ஹார்வார்டில் படித்து, சில காலம் தம் அண்ணன் நடத்திய பள்ளியில் விருப்பமின்றிப் பாடம் நடத்தி, பின்னர் தேவாலயப் போதகரானார். 1831-இல் அவருடைய இளம் மனைவி எல்லன் காசநோயால் இறந்தார். மறு ஆண்டு, தம் மனம் ஒப்பாத சடங்கொன்றை நடத்த இயலாது என்று கூறிப் போதகர் பதவியைத் துறந்தார். ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிக் காங்கர்டில் குடியேறினார். 1836-இல் 'இயற்கை' என்னும் சிறு நூலை வெளியிட்டார். 1838-இல் ஹார்வார்டு இறையியல் மாணவர்களிடையே அவர் ஆற்றிய உரை பெரும் கண்டனத்திற்கு உள்ளானது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பல்கலைக்கழகம் அவரை மீண்டும் பேச அழைக்கவில்லை. 'தற்சார்பு' என்னும் புகழ்பெற்ற கட்டுரை 1841-இல் வந்தது. பிறரைப் போலி செய்து வாழ்வது தன்னையே இழப்பதாகும் என்பது அதன் மையக் கருத்து. அதே கட்டுரையில், தமக்குத் தொடர்பில்லாத ஏழைகளுக்கு ஒரு டாலர் கொடுப்பதைக்கூட வெட்கத்திற்குரியதாக எழுதிச் செல்கின்றார். அந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் ஏற்க முடியவில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்து, ஊரார் சேர்ந்து கட்டிய தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அது கசக்கத்தான் செய்யும்.

ஆனால் என் மனத்தை ஈர்த்தவர் எமர்சன் அல்லர். அவருடைய நண்பர் ஆமோஸ் பிரான்சன் ஆல்காட். 1799-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர். உயர்கல்வி இல்லை. இளமையில் தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று சில்லறைப் பொருள்கள் விற்றவர். தாமே படித்து ஆசிரியரானவர். 1834 செப்டம்பர் 22-ஆம் நாள், பாஸ்டன் நகரத்து மேசானிக் டெம்பிள் கட்டடத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கட்டடத்தின் பெயரால் அது 'டெம்பிள் பள்ளி' என வழங்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது பிள்ளைகள். நகரின் பெருங்குடும்பத்துப் பிள்ளைகளே மிகுதி. ஹார்வார்டுத் தலைவரின் பேரன்கூட அங்குப் படித்தான்.

அக்காலத்துப் பள்ளி என்றால் முதுகு சாயாத நீள்பலகை, மனப்பாடம், பிரம்பு. ஆல்காட்டின் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மேசை. அறையின் மூலைகளில் சாக்ரடீஸ், ஷேக்ஸ்பியர், மில்டன், வால்டர் ஸ்காட் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். பிள்ளைகள் அரைவட்டமாக அமர, ஆசிரியர் கேள்வி கேட்பார். விடை சொல்லித்தர மாட்டார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுத வேண்டும். இன்று நம் பாடத்திட்டத்தில் 'மாணவர் மையக் கற்றல்' என்றும் 'உயர்நிலைச் சிந்தனைத் திறன்' என்றும் எத்தனை பட்டறைகளில் கேட்டிருப்போம்! அவற்றைப் பட்டறை எதுவும் இன்றி ஒருவர் செய்து பார்த்த ஆண்டு 1834.

அவருடைய உதவியாசிரியராக இருந்த எலிசபெத் பீபாடி, வகுப்பில் நடந்தவற்றை அப்படியே குறித்து 1835-இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஓர் ஆசிரியரின் பாடவேளையை இன்னோர் ஆசிரியர் இவ்வளவு பொறுமையாக எழுதி வைத்தது அரிது. அந்நூலில் உள்ள ஒரு நிகழ்ச்சியை நான் ஆசிரியர் அறையில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கின்றேன். தவறு செய்த பிள்ளைகளின் கையில் பிரம்பைக் கொடுத்து, தம் கையில் அடிக்குமாறு ஆல்காட் கூறினார். பிள்ளைகள் திகைத்தார்கள். வேறு வழியின்றி மெல்லத் தட்டினார்கள். இவ்வளவு சிறிய தண்டனைக்குத்தான் நீங்கள் உரியவர்களா என்று அவர் கேட்டார். மீண்டும் ஓங்கி அடிக்க நேர்ந்தது. அடித்த பிள்ளைகள்தாம் அழுதார்கள்.

இதைச் சொன்னதும் சக ஆசிரியர்கள் இரு பிரிவாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு சாரார் கண் கலங்குவார்கள். மறுசாரார், "இது பிரம்படியைவிடக் கொடுமை, குழந்தையின் மனத்தில் குற்றவுணர்வை ஏற்றுவது" என்பார்கள். மறுசாரார் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது. உடலை அடிக்காமல் உள்ளத்தை அடிக்கும் கலையில் நல்ல ஆசிரியர்களே வல்லவர்கள். ஆயினும் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுடுங்க சார், மத்தபடி தோலை உரிச்சிடுங்க" என்று பிள்ளையை நம்மிடம் ஒப்படைத்துச் செல்லும் தந்தையரை நினைக்கும்போது, தம் கையை நீட்டிய அந்த ஆசிரியரைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

பள்ளிக்கு வீழ்ச்சி வந்தது பிரம்பினால் அன்று, கேள்வியினால். கிறித்துவ நற்செய்தி நூல்களைப் பற்றிப் பிள்ளைகளோடு நடத்திய உரையாடல்களை ஆல்காட் இரு தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதி 1836-இன் இறுதியில் வந்தது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் கடவுளைப் பற்றித் தம் கருத்தைச் சொல்வதா என்று போதகர்கள் கொதித்தார்கள். குழந்தை எவ்வாறு பிறக்கின்றது என்பதை மிக மூடலாக, மிக மென்மையாகத் தொட்ட சில வரிகளும் அதில் இருந்தன. சிக்கல் வரும் என்று முன்னரே எச்சரித்த எலிசபெத் பீபாடி அப்பணியிலிருந்து விலகியிருந்தார். பாஸ்டன் நாளேடுகள் ஆல்காட்டைத் தாக்கின. எமர்சன் நண்பருக்காக நாளேட்டுக்கு மறுப்பு எழுதியும் பயனில்லை. பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். 1837-இல் அந்தச் சிலைகளும் நூல்களும் மேசைகளும் ஏலத்தில் போயின.

எஞ்சிய சில பிள்ளைகளோடு சிறிய இடத்தில் பள்ளியைத் தொடர்ந்தார். கடன் கழுத்தை நெரித்தது. அந்நிலையில் 1839-இல் சூசன் ராபின்சன் என்னும் கறுப்பினச் சிறுமியைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். அச்சிறுமியை நீக்குமாறு பெற்றோர் கேட்டார்கள். நீக்கினால் கட்டணம் வரும், பள்ளி பிழைக்கும், வீட்டில் அடுப்பு எரியும். அவர் நீக்கவில்லை. எஞ்சியிருந்த பெற்றோரும் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். பள்ளி மூடப்பட்டது. பேச்சிலும் நூலிலும் தனிமனித மாண்பைப் போற்றியவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தார்கள். ஒரே ஒரு மாணவிக்காகத் தம் பிழைப்பையே இழந்தவர் இவர். கடந்தநிலைக் கொள்கையின் வரலாற்றில் எனக்கு மிக உயரமாகத் தெரியும் இடம் வால்டன் குளக்கரை அன்று, இந்த வகுப்பறைதான்.

ஆனால் இதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்காட்டின் மனைவி அபிகேலும் நான்கு பெண் மக்களும் கொடுத்தார்கள். 1840-இல் குடும்பம் காங்கர்டுக்குக் குடிபெயர்ந்தது. 1843-இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 'ஃபுரூட்லேண்ட்ஸ்' என்னும் கூட்டுப் பண்ணையைத் தொடங்கினார். மாட்டை உழவுக்குப் பூட்டக்கூடாது. அடிமைகள் விளைவித்த பருத்தியை உடுத்தக்கூடாது. ஆட்டின் மயிரையும் எடுக்கக்கூடாது. அறுவடை நேரத்தில் ஆண்கள் கொள்கை பேசப் புறப்பட்டுவிட, மழை வருவதற்குள் தாயும் பிள்ளைகளும் வாற்கோதுமையை வாரிக் கொண்டுவந்து சேர்த்த கதையை மகள் லூயிசா பிற்காலத்தில் நகைச்சுவையாக எழுதினார். நகைச்சுவைக்குள் இருக்கும் கசப்பு படிப்பவர்க்குத் தெரியும். 1844 சனவரியில், ஓர் ஆண்டுகூட நிறைவடையாமல், பண்ணை கலைந்தது. இந்த லூயிசாதான் தையல் வேலை, வீட்டு வேலை, ஆசிரியர் வேலை எல்லாம் செய்து, 1868-இல் 'லிட்டில் உமன்' நாவலை எழுதிக் குடும்பத்தின் கடனை அடைத்தவர். தந்தையின் தற்சார்பு மகளின் உழைப்பைச் சார்ந்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி தோரோவைப் பார்ப்போம். வால்டன் குளக்கரையில் தனித்து வாழ்ந்தவர் என்றே உலகம் அவரை அறியும். அவரும் ஓர் ஆசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. 1817-இல் காங்கர்டிலேயே பிறந்த அவர், 1837-இல் ஹார்வார்டில் பட்டம் பெற்றார். அவ்வாண்டு அமெரிக்கா கடும் பொருளாதார வீழ்ச்சியில் இருந்தது. வேலை கிடைப்பதே அரிது. அவருக்கோ சொந்த ஊரின் பொதுப்பள்ளியில் ஆசிரியர் பணி கிடைத்தது. இரண்டு வாரம் சென்றது. பள்ளிக்குழுவைச் சேர்ந்த ஒருவர் வகுப்பைப் பார்வையிட வந்தார். பிரம்பின்றி நடத்துவதைக் கண்டு, அடிக்காவிட்டால் பள்ளி கெட்டுவிடும் என்று கடிந்துகொண்டார். தோரோ அன்று சில மாணவர்களைப் பொறுக்கியெடுத்து அடித்தார். அடிக்கப்பட்டவர்கள் எக்குற்றமும் செய்யாதவர்கள். அன்று மாலையே வேலையைத் துறந்தார்.

பல நூல்கள் இதனை வீரச்செயலாகவே எழுதுகின்றன. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மேலதிகாரிக்குப் பாடம் புகட்ட ஆசிரியர் ஒருவர் குழந்தைகளின் உடலைப் பயன்படுத்தினார் என்பதே உண்மை. அன்று அடிவாங்கிய சிறுவன் ஒருவன், வளர்ந்ததும் இதற்குத் திருப்பி அடிப்பேன் என்று மனத்துக்குள் சூளுரைத்தானாம். முதுமையில் அதனை நினைவுகூர்ந்தபோது, திருப்பி அடிக்கும் எண்ணம் பின்னர் ஒருநாளும் வரவில்லை என்றும், தோரோவைப் போல் இரக்கமுள்ளவரைக் கண்டதில்லை என்றும் கூறினார். மன்னித்துவிட்டார், ஆனால் மறக்கவில்லை. நம் மாணவர்கள் எதை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை.

மறு ஆண்டு, 1838-இல், தோரோ தாமே ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அண்ணன் ஜானும் வந்து சேர்ந்துகொண்டார். அப்பள்ளியில் பிரம்பு கிடையாது. சேர வரும் பிள்ளையிடம், நீ ஏன் இங்குப் படிக்க விரும்புகின்றாய் என்று ஜான் கேட்பார். கருத்துடன் படிப்பதாக அந்தப் பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும். வேண்டாமென்றால் சேர வேண்டியதில்லை. பெற்றோரிடம் உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பம் வாங்கும் நாம், பிள்ளையிடம் கேட்பதே இல்லை. வாரந்தோறும் பிள்ளைகளைக் காட்டுக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்றார்கள். நில அளவையைக் களத்திலேயே கற்பித்தார்கள். ஒருநாள் ஆற்றங்கரையில் ஓரிடத்தைக் காட்டி, பூர்வகுடி மக்கள் இங்குத் தங்கியிருக்கக்கூடும் என்று சொன்ன தோரோ, மறுமுறை மண்வெட்டியோடு வந்து தோண்டினார். தீயில் கருகிய கற்கள் வெளிப்பட்டன. பிள்ளைகள் வியந்து பார்த்த பின், அவற்றை எடுத்துச் செல்லாமல் மீண்டும் மண்ணிட்டு மூடினார். தோண்டியதைவிட மூடியதுதான் எனக்குப் பெரிய பாடமாகப் படுகின்றது.

1841-இல் ஜானின் உடல்நலம் குன்றியதால் பள்ளி நின்றது. 1842 சனவரியில், சவரக்கத்தி பட்டு ஏற்பட்ட சிறு வெட்டுக்காயத்தில் இசிவுநோய் கண்டு ஜான் இறந்தார். அதே மாதம் எமர்சனின் ஐந்து வயது மகனும் காய்ச்சலில் மாண்டான். தோரோ அதன்பின் பள்ளி நடத்தவே இல்லை.

வால்டன் கதையைச் சுருக்கமாகவே சொல்கின்றேன். 1845 ஜூலை 4-ஆம் நாள் முதல் 1847 செப்டம்பர் 6-ஆம் நாள் வரை, எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் செலவில் தாமே கட்டிய சிறு வீட்டில் வாழ்ந்தார். ஊரிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். துறவியாக ஒன்றும் இருக்கவில்லை. 1846-இல், அடிமை முறையை ஏற்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று கூறி ஓரிரவு சிறையில் கிடந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை 1849-இல் அச்சிட்டவர் வேறு யாருமல்லர், டெம்பிள் பள்ளியின் எலிசபெத் பீபாடிதான். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் அக்கட்டுரையைப் படித்துத் தம் இதழில் எடுத்து எழுதியது நீங்கள் அறிந்ததே.

நம்மவர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 1846-47 பனிக்காலத்தில் வணிகர் ஃபிரடெரிக் டியூடரின் ஆட்கள் வந்து வால்டன் குளத்தின் உறைபனியை வெட்டி அடுக்கினார்கள். டியூடரின் பனிக்கட்டி கப்பலேறி இந்தியா வரை சென்ற காலம் அது. சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' என்று வழங்கிய கட்டடம் அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்கவே எழுப்பப்பட்டது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். காலையில் வில்கின்ஸ் மொழிபெயர்த்த பகவத் கீதையைப் படித்துக்கொண்டிருந்த தோரோ, தம் குளத்து நீரைச் சென்னை மக்கள் பருகப்போவதாகக் கற்பனை செய்து மகிழ்ந்தார். உண்மையில் அவ்வாண்டு வெட்டியதில் பெரும்பகுதி விற்பனைக்குப் போகாமலே உருகி அதே குளத்தில் கலந்துவிட்டது. அதையும் அவரே எழுதி வைத்திருக்கின்றார்.

எலிசபெத் பீபாடியை இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. 1860-இல் பாஸ்டனில் ஆங்கிலவழி மழலையர் பள்ளியை அமெரிக்காவிலேயே முதன்முதலாகத் தொடங்கியவர் அவர். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று பிரோபெலின் முறையை நேரில் கண்டு, தாம் செய்ததில் இருந்த குறைகளைத் திருத்திக்கொண்டு, பல ஆண்டுகள் அதற்காக உழைத்தார். ஆல்காட்டுக்கு வாய்க்காத நிதானம் இவருக்கு வாய்த்தது.

பள்ளிகளை எல்லாம் இழந்த ஆல்காட் என்ன ஆனார்? 1859-இல் காங்கர்ட் ஊரார் அவரைத் தங்கள் பள்ளிகளின் மேற்பார்வையாளராக நியமித்தார்கள். அறுபது வயதில் அவர் வகுப்பு வகுப்பாகச் சென்று, உட்கார்ந்து, பிள்ளைகளோடு பேசினார். ஆண்டறிக்கைகளைச் சலிப்பூட்டும் புள்ளிவிவரங்களாக எழுதாமல் நீண்ட கட்டுரைகளாக எழுதினார். அவற்றுள் ஒன்றில், ஊரின் ஒவ்வொரு வயலையும் விலங்கையும் அறிந்தவர் ஒருவர் நம்மிடையே இருக்கின்றார், அவர் இவ்வூருக்கென்று படங்களுடன் ஒரு நிலநூல் எழுதித் தருவாரா என்று கேட்டிருந்தார். பெயர் சொல்லாவிட்டாலும் அது தோரோ என்பது ஊருக்கே தெரியும்.

அந்நூல் எழுதப்படவில்லை. 1862 மே 6-ஆம் நாள், 44 வயதில், காசநோயால் தோரோ காலமானார். ஆனால் 1850-களில் காங்கர்ட் காடுகளில் எந்தச் செடி எந்த நாளில் முதலில் பூத்தது என்று அவர் குறித்துவைத்த தாள்கள் எஞ்சின. நூற்றுக்கணக்கான செடிவகைகள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பாஸ்டன் பல்கலைக்கழகத்து உயிரியலாளர் ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடைய மாணவரும் அதே ஊரில் அதே செடிகளைத் தேடி நடந்து, தம் நாள்களை அந்த நாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, காங்கர்டின் செடிகள் தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக ஏழு நாள் முன்னதாகப் பூக்கின்றன.